ஒற்றனும் ஊர்க்காரனும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)



நமக்கு முன்னர்ப் பேசிய புலவர் பெருமான் சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தை விரித்துரைத்து அமர்ந்தார். அவர் ஏற்றிய விளக்கின் கீழ் நின்று, துப்பாக்கியும் கறுப்புக் கண்ணாடியும் நிறைந்த உளவுப் படங்களைப் பற்றிப் பேசுவது சிலருக்கு நகைப்பாகத் தோன்றலாம். தலைப்பை நாம் தேடிக்கொள்ளவில்லை. "அறுபது ஆண்டுகளாகப் படம் பார்த்தே காலம் கழித்தவர் நீங்கள், அதைப்பற்றியே பேசுங்கள்" என்று செயலாளர் பணித்தார். அது புகழ்ச்சியா இகழ்ச்சியா என்று இன்றளவும் நமக்கு விளங்கவில்லை.

ஒற்று என்பது தமிழர்க்குப் புதிய பொருளன்று. வள்ளுவர் ஒற்றாடல் என ஓர் அதிகாரமே வகுத்தார். ஐம்பத்தொன்பதாம் அதிகாரம் அது. பார்ப்பவர் ஐயுறாத தோற்றம் வேண்டும், கண்டவர் முன் அஞ்சாமை வேண்டும், உள்ளத்திலுள்ளதை உமிழாமை வேண்டும் என்று ஒற்றனுக்கு இலக்கணம் கூறினார். அவனுக்குப் பலரறியச் சிறப்புச் செய்தலும் ஆகாது என்றார். செய்தால் மறை வெளிப்பட்டுவிடும் அன்றோ? இந்த அளவுகோலைக் கையிற் கொண்டு ஜேம்ஸ் பாண்டினிடம் செல்வோம். அவர் செய்வதென்ன? பகைவனின் சூதாட்ட மேசைக்கே நேராகச் சென்று, தம் பெயரை ஒரு முறைக்கு இரு முறையாகத் தாமே கூறி அறிமுகம் செய்துகொள்கிறார்! வள்ளுவர் வைத்த தேர்வில் முதல் வினாவிலேயே தோற்றுப்போகும் ஒற்றர், உலகம் முழுவதையும் அறுபது ஆண்டுகளாக வென்று வருகிறார். இதுவே நமக்கு அவர்பால் உள்ள முதற் குறை. விடாமல் பார்த்துவருவதற்குக் காரணமும் அதுவே என்று ஒப்புக்கொள்கிறோம்.

பாண்டின் வரலாற்றைச் சுருங்கச் சொல்லி மேலே செல்கிறோம். இரண்டாம் உலகப் போரில் ஆங்கிலக் கடற்படையின் உளவுத் துறையில் பணியாற்றிய அயான் பிளெமிங் என்பார் 1953-இல் முதற் கதையை வெளியிட்டார். பறவைகளைப்பற்றி நூல் எழுதிய அமெரிக்க அறிஞர் ஒருவரின் பெயரையே தம் கதைத் தலைவனுக்குச் சூட்டினார். 1962-இல் 'டாக்டர் நோ' திரைக்கு வந்தது. அன்று முதல் 2021-இல் வந்த 'நோ டைம் டு டை' வரை அந்த நிறுவனத்தார் எடுத்தவை இருபத்தைந்து படங்கள். தலைவராக நடித்தவர் அறுவர். 1983-இல் வந்த 'ஆக்டோபசி' உதயப்பூரில் எடுக்கப்பட்டது. சென்னையின் டென்னிசு வீரர் விஜய் அமிர்தராஜ் அதில் நடித்தார். டென்னிசு மட்டையாலேயே எதிரிகளை அடித்தார். நம் ஊர் இளைஞர் அதைப் பார்த்து எழுப்பிய சீழ்க்கை இன்னும் காதில் ஒலிக்கிறது.

இருபத்தைந்திலும் நமக்கு உகந்தது எது எனின், 2012-இல் வந்த 'ஸ்கைபால்' என்போம். அதற்கு முன் வந்தவற்றில் இவருக்கு ஊர் இல்லை, பெற்றோர் இல்லை, பேசுவதற்கென்று ஒரு கிராமத்துப் பேச்சு இல்லை. இந்தப் படத்திலோ அவர் ஸ்காட்லாந்து மலைநாட்டிலுள்ள தம் பெற்றோரின் பழைய வீட்டிற்குத் திரும்புகிறார். அந்த வீடு அவர் கண்முன்னே எரிகிறது. வீடு என்று ஒன்று இருந்தது தெரிந்த பிறகே அந்த மனிதரின் மீது நமக்கு இரக்கம் பிறந்தது. 'மூன்ரேக்கர்' போன்ற விண்வெளிக் கூத்துகளைப்பற்றி இந்த நல்ல மாலைப்பொழுதில் பேசவேண்டா. கடைசிப் படத்தில் பாண்டு இறந்தே போனார். 2025-இல் அந்த வரிசையின் ஆக்க உரிமை அமேசான் நிறுவனத்தார் கைக்குச் சென்றது. அடுத்த படத்தை இயக்கத் தெனி வில்னேவ் என்னும் கனடா நாட்டு இயக்குநரை அறிவித்தார்கள். இறந்தவரை எங்ஙனம் எழுப்புவார்கள் என்பது அவர்கள் கவலை.

இனி நம் கவலைக்கு வருவோம்.

நம்மைப் புலம்பெயர்ந்த தமிழர் என்று சங்கத்தின் அழைப்பிதழ் குறிக்கிறது. நம்மில் ஒரு சாரார்க்கு அது பொருந்தும். பாலராமபுரத்தில் தறி நெய்யும் சாலியர் பெருமக்கள், அரசர் பாலராம வர்மர் காலத்தில் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்டவர் வழியினர். வாணிகம் கருதி வந்தோர் உண்டு. பெண் கொண்டும் கொடுத்தும் வந்தோர் உண்டு. ஆனால் நம் குடும்பம் எங்கிருந்தும் எங்கும் பெயரவில்லை. எல்லைதான் பெயர்ந்தது. 1956 நவம்பர் முதல் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும், செங்கோட்டையில் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நேசமணி அவர்கள் தலைமையில் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசார் கேட்டவற்றுள் ஒன்றாகிய நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. பாறசாலையில் புறப்பட்டுப் பேசிக்கொண்டே நடந்தால், பேச்சு முடிவதற்குள் களியக்காவிளை வந்துவிடும். அங்கே தமிழ்நாடு, இங்கே கேரளம். நம் தாயார் பிறந்த வீடு அங்கே; நாம் பிறந்த வீடு இங்கே.

பள்ளியில் நாம் பயின்றது மலையாளம். அதில் நமக்கு எவ்வித வருத்தமும் இல்லை. அந்த மொழியின் இனிமையை அறிந்தவர் வருந்தமாட்டார். ஆயினும் தமிழ் எழுத்தை யார் கற்பித்தார் எனின், வெட்கத்தோடு உரைக்கின்றோம், களியக்காவிளைச் சந்தியின் சுவர்களே கற்பித்தன. தந்தையாரின் கையைப் பற்றிச் சந்தைக்குச் செல்லும்போது சுவரொட்டியில் ஜெய்சங்கரின் படம் தெரியும். அதன்கீழ் எழுத்துகள் இருக்கும். படத்தின் பெயரைத் தந்தையார் சொல்வார். எந்த எழுத்து எந்த ஒலி என்று நாமே பொருத்திக்கொள்வோம். 'வல்லவன் ஒருவன்' என்பதுதான் நாம் தனியே எழுத்துக்கூட்டிப் படித்த முதல் தமிழ்த் தொடர். அரிச்சுவடியில் அகரம் முதலாகக் கற்றவர் பலர். வகரம் முதலாகக் கற்றவர் நாம்.

அந்தப் படம் 1966-இல் வந்தது. சேலம் மாடர்ன் தியேட்டர்சார் எடுத்தது, ஆர். சுந்தரம் இயக்கியது. அதே ஆண்டில் 'இரு வல்லவர்கள்', 1968-இல் 'நீலகிரி எக்ஸ்பிரஸ்', 1970-இல் 'சி.ஐ.டி. சங்கர்' என்று தொடர்ந்து வந்தன. தென்னகத்து ஜேம்ஸ் பாண்டு என்ற பட்டம் ஜெய்சங்கருக்கு நிலைத்தது. ஓலைக் கொட்டகையில் மணலைக் குவித்து அதன்மேல் அமர்ந்து பார்த்தோம். கதை என்னவென்று இப்போது கேட்டால் ஒன்றோடொன்று கலந்துபோகும். எங்கோ ஒரு சுரங்க அறை, அதில் சுழலும் விளக்குகள், கள்ள நோட்டோ கடத்தலோ ஏதோ ஒன்று, இந்திப் பாட்டுகளின் சாயலில் வேதா அமைத்த துள்ளலிசை. எம்.ஜி.ஆர். அவர்களும் விடவில்லை; பந்துலு இயக்கத்தில் 1968-இல் 'ரகசிய போலீஸ் 115' என்று தமக்கும் ஓர் எண்ணைச் சூட்டிக்கொண்டார்.

இந்த மாடர்ன் தியேட்டர்சைப்பற்றி ஒன்று சொல்லவேண்டும். மலையாளத்தின் முதற் பேசும் படமாகிய 'பாலன்' 1938-இல் உருவானது இதே சேலத்துக் கூடத்தில்தான். மலையாளத்தின் முதல் வண்ணப் படமாகிய 'கண்டம் பெச்ச கோட்டு' என்பதையும் 1961-இல் அந்நிறுவனத்தாரே தந்தனர். அதற்கும் முன்னே மலையாளத்தின் முதல் ஊமைப் படத்தை எடுத்துச் சொத்தெல்லாம் இழந்த ஜே.சி. டேனியல், தம் இறுதிக் காலத்தை அகத்தீசுவரத்தில் கழித்து 1975-இல் மறைந்தார். அவர் வாழ்ந்த ஊர் எல்லைக்கு அப்பாற் சென்றுவிட்டதனால், அவரை எந்த மாநிலத்தவர் என்று கொள்வது என்ற குழப்பத்தில் அவருக்குரிய சிறப்பு வாழ்நாளில் வந்து சேரவில்லை. இன்று அவர் பெயரால்தான் கேரள அரசு தன் திரைத்துறையின் பெரிய விருதை வழங்குகிறது. எல்லைக்கோட்டின்மேல் நின்றவனுக்கு இரு புறத்தாரும் நெடுங்காலம் வாயில் திறக்கவில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

சங்கர் அங்கே துப்பறிந்துகொண்டிருந்த காலத்தில் இங்கே நசீர் துப்பறியத் தொடங்கினார். 1971-இல் பி. வேணு இயக்கிய 'சி.ஐ.டி. நசீர்', மறு ஆண்டில் 'டாக்சி கார்'. சிறையின்கீழ் ஊரினராகிய பிரேம் நசீர் நம் மாவட்டத்து மைந்தர். ஆதலால் நமக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பெருஞ் சிக்கல் நேர்ந்தது. ஒரு வாரம் தெற்கே சென்று சங்கரைப் பார்ப்பதா, வடக்கே சென்று நசீரைப் பார்ப்பதா? கையிலிருந்த காசு ஒருவருக்கே போதும். இரு தலைவர்களும் ஒரே வகையான தொப்பி அணிந்தார்கள், ஒரே வகையான வில்லனை அடித்தார்கள், ஒரே வகையான பெண்ணை மணந்தார்கள். மொழி ஒன்றுதான் வேறு. அந்த வேறுபாட்டை உணராமலே மாறி மாறிப் பார்த்த சிறுவர் கூட்டம் இந்த ஊர்களில்தான் இருந்தது.

உணராமலே என்றோம், அதைத் திருத்திக்கொள்ளவேண்டும். உணரச் செய்தவர்கள் இருந்தார்கள். வகுப்பில் ஒரு நாள் வாய் தவறித் தமிழ்ச் சொல் ஒன்றைச் சொல்லிவிட, அதை வைத்து ஆண்டு முழுவதும் ஒரு பட்டப்பெயரால் அழைக்கப்பட்டோம். பள்ளியின் பெயர் வேண்டா. அந்த விடுமுறையில் தாய்மாமன் ஊருக்குச் சென்றால், அங்கே தெருப்பிள்ளைகள் நம் பேச்சைக் கேட்டு "மலையாளத்தான் வந்திருக்கான்" என்றார்கள். அன்றிலிருந்து பேருந்தில் களியக்காவிளையைக் கடக்குந்தோறும் நாவை மாற்றிக்கொள்ளப் பழகினோம். போகும்போது ஒரு மொழி, திரும்பும்போது ஒரு மொழி. ஐயுறாத தோற்றம், உமிழாத உள்ளம். வள்ளுவர் கூறிய இலக்கணம் அத்தனையும் பத்து வயதில் நமக்குக் கைவந்துவிட்டது. உளவுப் படங்களின்மேல் நாம் கொண்ட பித்துக்குக் காரணம் துப்பாக்கி அன்று என்பது மிகப் பிற்பட்டே நமக்குப் புலனாயிற்று.

இதை நெஞ்சில் தைக்கும்படி காட்டிய படம் ஓர் உளவுப் படமும் அன்று. மம்மூட்டி நடிக்க லிஜோ ஜோஸ் பெல்லிசேரி இயக்கி, 2023 சனவரியில் திரையரங்குகளுக்கு வந்த 'நண்பகல் நேரத்து மயக்கம்' அது. வேளாங்கண்ணிக்குச் சென்று திரும்பும் மலையாள நாடகக் குழுவினரின் வண்டியில், ஜேம்ஸ் என்பவர் தமிழ்நாட்டு உணவையும் பாட்டையும் குறை சொல்லிக்கொண்டே வருகிறார். நண்பகல் உறக்கத்திலிருந்து விழித்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஒரு தமிழ்ச் சிற்றூருக்குள் நடந்து, காணாமற்போன சுந்தரம் என்பவனின் வீட்டிற்குள் சுந்தரமாகவே நுழைகிறார். தடுமாற்றமில்லாத தமிழ் பேசுகிறார். ஊரெங்கும் பழைய தமிழ்ப் பாட்டுகள் காற்றில் வந்துகொண்டே இருக்கின்றன. திரையரங்கில் நம் அருகில் அமர்ந்திருந்தோர் இது என்ன விந்தை என்று வியந்தார்கள். நமக்கு அதில் விந்தை ஒன்றும் தோன்றவில்லை. நாள்தோறும் நாம் செய்ததை அவர் ஒரு நண்பகலில் செய்தார், அவ்வளவே. பேருந்தைவிட்டு இறங்கும் இடம்தான் வேறு.

அண்மைக்கால உளவுப் படங்களுக்கு வருவோம். 1986-இல் வந்த 'விக்ரம்' நம் இளமையின் படம். சுஜாதா குமுதத்தில் தொடராகவும் எழுதினார்; அக்னிபுத்ரா என்ற ஏவுகணை களவுபோக, கணிப்பொறி முன் கமல்ஹாசன் அமர்ந்தார். முற்பாதி பறந்தது, சலாமியா என்ற கற்பனை நாட்டிற்குச் சென்றதும் தரை தட்டியது. முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து லோகேஷ் கனகராஜ் அதே பெயரில், அதே நடிகரை முதியவராக்கி மீட்டுக் கொணர்ந்தார். 2022-இன் 'விக்ரமில்' பகத் பாசில், செம்பன் வினோத், நரேன், காளிதாஸ் ஜெயராம் என்று மலையாள நடிகர் வரிசையாக வந்தார்கள். சண்டைகளின் ஓசை மிகுதி. பேரனைத் தூக்கிவைத்துக்கொண்டு முதியவர் தவிக்கும் இடமே நம்மைத் தொட்டது. அதே ஆண்டின் 'பீஸ்ட்' படத்தில் விஜய் உளவுத் துறையினராக வந்தார். வணிக வளாகத்திற்குள் அடைபட்டது அவர் மட்டுமன்று, கதையும்தான்.

பி.எஸ். மித்ரன் இயக்கிய 'சர்தார்' அவ்வாண்டின் நல்ல படம் என்பது நம் துணிபு. நாடக நடிகர் ஒருவர் ஒற்றராகி, நாட்டைக் காட்டிக்கொடுத்தவர் என்ற பழியைச் சுமந்து அயல்நாட்டுச் சிறையில் கிடக்கிறார். அவர் மகனோ அந்தப் பழியை அழிக்கப் போலீசுச் சீருடையில் விளம்பரம் தேடி அலைகிறான். இரண்டும் கார்த்தியே. ஒற்றனின் தொழில் அவன் குடும்பத்தாருக்கு என்ன கொடுமையைச் செய்கிறது என்று பாண்டு படங்களில் எண்ணிப் பார்த்தவர் அரியர்.

அவ்வாண்டு பிப்ரவரியில் வந்த 'நெய்யாற்றின்கர கோபன்டெ ஆறாட்டு' என்பதைச் சொல்லாமல் விட்டால் ஊரார் நம்மை மன்னியார். நம் ஊர்ப் பெயரைத் தலைப்பிலேயே தாங்கி மோகன்லால் வந்தார். கூட்டமாகச் சென்றோம். கதை முழுதும் பாலக்காட்டுப் பக்கம் நிகழ்ந்தது. இறுதியில் கோபன் கோபனல்லன், அரசின் மறைமுக அதிகாரி என்று தெரியவந்தது. ஆக, நெய்யாற்றின்கரை என்பதும் ஒரு மாறுவேடமாகவே பயன்பட்டது! படம் நன்றாக இல்லை. ஆயினும் அந்தப் பெயர் திரையில் எழுந்தபோது கை தட்டினோம்; அதனை மறைப்பதற்கில்லை.

படம் எடுப்போரிடம் நமக்கு ஒரு முறையீடு உண்டு. விளவங்கோட்டுக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே பேசப்படும் இந்தத் தமிழ், தமிழ்ப் படத்தில் வந்தால் நகைச்சுவை நடிகர் வாயில் வருகிறது. மலையாளப் படத்தில் வந்தால் பழைய இரும்பு வாங்க வருபவர் வாயில் வருகிறது. மரச்சீனியும் மீனும் உண்டு, இரு மொழியில் கனவு காணும் ஒரு மனிதனை, நகைப்புக்காக அல்லாமல், ஒரு முறையேனும் திரையின் நடுவே நிறுத்தட்டும். அவன் உளவாளியாக இருந்தாலும் நமக்குத் தடை இல்லை.

கடைசியாக ஒரு நிகழ்ச்சி. 2023 அக்டோபர் 19 அன்று 'லியோ' வெளிவந்தது. தமிழ்நாட்டில் முதற் காட்சி காலை ஒன்பது மணிக்கு என்று ஆணை. கேரளத்தில் விடியற்காலை நான்கு மணிக்கு. நாம் தமிழ்ப் படத்திற்காகத் தெற்கே நடந்த காலம் போய், தெற்கிலிருந்து இளைஞர் கூட்டம் இரவோடிரவாக எல்லை கடந்து நம் பக்கம் வந்தது. பேரனின் வற்புறுத்தலால் நாமும் அந்த இருட்டில் வரிசையில் நின்றோம். பழைய பெயரை மறைத்து மலையூர் ஒன்றில் வாழும் மனிதனின் கதை என்று கேள்விப்பட்டிருந்ததால், நமக்கும் உள்ளூர ஆவல் இருந்தது.

மார்த்தாண்டத்துப் பிள்ளைகள் இருவர் அருகில் வந்து, "பாட்டா, இந்தப் போர்டுல என்ன எழுதியிருக்கு?" என்று மலையாளப் பலகையைக் காட்டிக் கேட்டார்கள். நாம் வாய் திறப்பதற்குள் பேரன் படித்துச் சொன்னான். எந்த வாயில் யாருக்கு என்று விளக்கினான். பின்னர் அவன் அவர்கள் கையிலிருந்த துணிப் பதாகையைப் பார்த்து, அதிலுள்ளதை வாசித்துக் காட்டும்படி அவர்களைக் கேட்டான். அது தமிழில் இருந்தது. அவன் பதின்மூன்று வயதுப் பிள்ளை. வீட்டில் நம்மோடு தமிழே பேசுகிறவன். அவன் கண் முன்னே இருந்த ஐந்து சொற்களை அந்நியர் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. இப்போது சுவர்களில் சுவரொட்டிகளும் குறைவு. எல்லாம் கைப்பேசிக்குள் வருகின்றன, அதுவும் ஆங்கில எழுத்தில். நமக்குக் கிடைத்த ஆசிரியர் அவனுக்குக் கிடைக்கவில்லை. அந்தப் படம் முழுவதும் நாம் திரையைச் சரியாகப் பார்க்கவில்லை.

சங்கத்தின் நூலக அறையில் ஞாயிறுதோறும் மாலை நான்கு மணிக்குத் தமிழ் எழுத்து வகுப்பு நடத்தச் செயற்குழு இசைந்திருக்கிறது. இப்போதைக்குப் பிள்ளைகள் ஐவர். அவர்களுள் நம் பேரன் ஒருவன். நாம் திரட்டி வைத்துள்ள பழைய பாட்டுப் புத்தகங்களையும் சுவரொட்டிகளையும் அந்த அறைக்குக் கொடுத்துவிட்டோம். வல்லவன் ஒருவன் வாயிலுக்கு எதிரே ஒட்டப்பட்டிருக்கிறார்.

தேநீருக்குப் பின் இதே மன்றத்தில் 'அந்த நாள்' திரையிடப்படும். ஏ.வி.எம். நிறுவனத்தாருக்காக எஸ். பாலசந்தர் 1954-இல் இயக்கியது. பாண்டு திரைக்கு வருவதற்கு எட்டாண்டு மூத்தது. 1943 அக்டோபரில் சென்னையின்மேல் சப்பானியக் குண்டு விழுந்த நாளில், வானொலிப் பொறிஞர் ஒருவர் தம் வீட்டில் சுடப்பட்டுக் கிடக்கிறார். சுட்டவர் யார், ஏன் என்பதை இப்போது கூறமாட்டோம். பாட்டு ஒன்றும் இல்லை, ஆட்டம் இல்லை, சண்டையும் இல்லை. குழந்தைகளை வைத்திருக்கும் தாய்மார் கதவோரமாக அமர்வது நன்று. தலைப்பு எழுத்துகள் ஓடும்போது விளக்கை அணைக்கச் சற்றுத் தாமதியுங்கள் என்று மின்பணியாளரிடம் சொல்லியிருக்கிறோம். ஐந்து பிள்ளைகளும் முன் வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் படித்து முடிக்கட்டும்.